மிஷினுக்கு அந்தப் பக்கம்

எண்பத்தொன்பதாம் வருஷம், தை மாதம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நடந்தது இது.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா, மாடு வைத்திருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பால் கறந்து கொடுப்பவர். குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பி.ஏ. வரைக்கும் போய்விட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஏறாத படி இல்லை, கேட்காத ஆள் இல்லை. வேலைதான் வரவில்லை. தங்கச்சி அப்போது பத்தாவது. "இம்புட்டுப் படிச்ச இவனே வீட்டுல உக்காந்திருக்கான், அவ படிச்சு என்னத்துக்கு?" என்று அப்பா சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் மில்லில் ஆள் எடுத்தார்கள். படிப்பெல்லாம் கேட்கவில்லை. கொஞ்ச நாள் பழக விடுவார்கள். பிறகு ஒரு ஷிப்ட் முழுக்க ஒரு மிஷினைத் தனியாகக் கொடுப்பார்கள். சமாளித்ததாக ஷெட் மேஸ்திரி சொன்னால் வேலை. இல்லையென்றால் சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்பின்னிங் ஷெட்டுக்குள் முதல்முதலாகக் கால் வைத்தபோது மலைத்துப்போனேன். வரிசை வரிசையாக மிஷின்கள். ஒவ்வொன்றிலும் நூல் சுற்றும் கதிர்கள் நூற்றுக்கணக்கில் சுழல்கின்றன. மார்கழிப் பனி மாதிரிப் பஞ்சு பறக்கிறது. காதுக்குப் பக்கத்தில் கத்தினாலும் கேட்காத இரைச்சல். அதனால் அங்கே எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பாஷை எனக்குப் பிடிபடவே இல்லை.

என்னைத் தனியாக விடுகிற நாள் வந்தது. காலையில் சைக்கிள் ஸ்டாண்டிலேயே ஒரு மீசைக்காரர் பிடித்துக்கொண்டார். எனக்குப் பக்கத்து மிஷின்காரர் அவர்.

"வாங்க பி.ஏ.! இன்னைக்குப் பரீட்சையாம்லே. பிட்டு கிட்டு கொண்டாந்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அறுந்த இழையை எடுத்து, மிஷின் ஓடும்போதே ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் என் கை வேர்த்தது. ஒட்டிய இழை உடனே அறுந்தது. ஒன்றை ஒட்டுவதற்குள் அந்தக் கோடியில் நாலைந்து அறுந்து தொங்கும். மிஷின் ஆள் உயரம். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் தெரியாது. அங்கே என்ன கதியோ என்று பதறிச் சுற்றி ஓடினால், அறுந்தது அவ்வளவாக இல்லை. அங்கே செத்த நேரம் மல்லாடிவிட்டுத் திரும்பினால், விட்டுப்போன பக்கமும் சீராகியிருக்கும். பரவாயில்லையே, கை வந்துவிட்டது போலிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் அந்த மீசைக்காரர்தான். மிஷின் கோடியில் நின்று என் பக்கம் பார்த்து அடிக்கடி மீசையை முறுக்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை பொறுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகும் முறுக்கவே, வேலை போனாலும் போகட்டும், என்னவென்று கேட்டுவிடுவோம் என்று, வழக்கமாகச் சுற்றும் வழியை விட்டு எதிர்வழியாக விடுவிடுவென்று போனேன்.

போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

என் மிஷினின் மறுபக்கத்தில் நாலு பேர். தங்கள் மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்காலால் கதிரை நிறுத்த ஒரு அழுத்து, விரலில் ஒரு சுண்டு, இழை சேர்ந்துவிட்டது. அடுத்ததற்குப் போகிறார்கள், ஏதோ நடந்து போகிற மாதிரி. அவர்கள் மிஷின்களில் இழைகள் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். கை மட்டும் நிற்கவில்லை.

மீசைக்காரர் மறுபடி மீசையை முறுக்கினார். நாலு பேரும் சட்டென்று அவரவர் மிஷினுக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி மெதுவாக நடந்து, மிஷின்களுக்கு நடுவே இருந்த அந்தச் சந்துக்குள் நுழைந்தார். அப்போதுதான் புரிந்தது. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம்!

சங்கு ஊதியது. மேஸ்திரி என்னை வாசலில் நிறுத்தினார். தெலுங்கு வீட்டுக்காரர், கோபக்காரர்.

"கை வந்துருச்சா?"

வந்துவிட்டது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் "இன்னும் வரல மேஸ்திரி" என்றேன். தங்கச்சி பள்ளிக்கூடம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தெரியும். இத்தன வருசமா இங்கன நிக்கேன், எவன் எங்க ஒட்டுறான்னு எனக்குத் தெரியாதா? நான் ஏன் அம்புட்டு மெதுவா நடந்து வந்தேன்னு நெனைக்க? நாளைக்கும் வா. கை பொறவு வரும். போரா!"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சைக்கிள் ஸ்டாண்டில் மீசைக்காரரைப் பிடித்து, "ஏண்ணே இதச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"ஏலே, ஒன்னய அனுப்பிட்டா நாளைக்கு இன்னொரு பய வருவான். அவனுக்கு மொதல்ல இருந்து ஒட்டணும். யாரால ஏலும்?" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷமே எனக்கும் கை வந்துவிட்டது. சொந்த மிஷினை வைத்துக்கொண்டு அடுத்தவன் மிஷினையும் பார்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பின் பழக்கமில்லாத ஒருவனுக்காக ஒரு ஷெட்டே, வாயைத் திறக்காமல், அந்தப் பாட்டை ஒரு நாள் முழுக்கப் பட்டதே என்று நினைத்தால், எனக்கு வேலை கிடைத்தது என்று சொல்லவே தோன்றவில்லை. நாலு பேர் சேர்ந்து என்னையும் ஒட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.