ஜன்னலோரம் போட்ட தையல் மெஷின்

அரசு மானியத்தில் எதிர் வீட்டு நசீமாவுக்குப் பவர் தையல் மெஷின் கிடைத்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நானும் அலைந்து திரிந்து, பயிற்சி முடித்து, மானியத்திலேயே அதே மெஷினை வாங்கினேன். அவள் வாசல் தெரியட்டும் என்று ஜன்னலோரம் போட்டேன்.

ஒருநாள் காக்களூர் ரெடிமேட் துணிக் கம்பெனி வேன் வந்து, அவள் தைத்துக் கொடுப்பதற்காக வாசலில் மூட்டை மூட்டையாகத் துணி இறக்கியது. அதைப் பார்த்தபடியே பெடலை அழுத்தினேன். ஊசி என் விரலைத் துளைத்து நின்றது.

அலறல் கேட்டு முதலில் ஓடி வந்தவள் நசீமாதான். சுவிட்சை அணைத்து, சக்கரத்தை மெல்லத் திருப்பி ஊசியை மேலே தூக்கினாள்.

"இன்னாக்கா, எங்க பாத்துக்கினு தச்ச?"

உன் வாசலைத்தான் என்றா சொல்ல முடியும்?

விரல் பிழைத்தது. இப்போது மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். கண் துணியை விட்டு நகர்வதில்லை. காதுதான், அவள் மெஷின் எப்போது நிற்கும் என்று இன்னும் எதிர் வீட்டிலேயே கிடக்கிறது.

- ஒரு வாசகி, திருவள்ளூர்