எமர்ஜென்சி லைட்டில் யாத்திராகமம்

திருப்பூரே கரண்ட் கேட்டுக் கோயில் கோயிலாகக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கரண்ட் வந்துவிடக் கூடாது என்று தினமும் முழங்காலில் நின்று ஜெபித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் ஜெபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. சாயங்காலம் போகும் கரண்ட், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பி வரும். அதுவரைக்கும் எங்கள் லைன் வீட்டு வாசலில் நான்தான் டி.வி.

மங்கலம் ரோட்டில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை, அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். ஆற்றில் சாயத்தண்ணீர் கலக்கிறது என்று பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்பாவின் பட்டறையும் மூடிவிட்டது. அம்மாவின் சம்பளம் வாடகைக்கும் என் பள்ளிக்கூடத்துக்கும் சரியாகப் போய்விடும். சோற்றுக்குத்தான் இழுபறி. ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த பெரியப்பா, "பேசாம வந்து கடையில நில்லு" என்று வாரம் தவறாமல் போன் செய்தார். நிற்பது என்றால் நிஜமாகவே நிற்பது. பெரியப்பா தன் கடையில் யாரையும் உட்கார விட்டதில்லை. அந்த போன் வந்தாலே அம்மாவின் முகம் செத்துப்போகும். எனக்கும் திருப்பூரை விட்டுப் போக மனசே இல்லை.

அப்பா கர்த்தரோடு ஒரு பேச்சுவார்த்தை நடத்தி முடித்திருந்தார். பைபிளை முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் வாசிப்பது, ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். பெரிய லீவு விடுவதற்குள் வேலை கிடைத்தால் இங்கேயே இருப்பது, கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய் நிற்பது. வாசிக்க வேண்டியது நான். "பிள்ளை வசனத்துல வளரணும்" என்றார் அப்பா. அப்பாவின் மூக்குக்கண்ணாடி உடைந்ததுதான் காரணம் என்பது அம்மாவின் கட்சி.

கஷ்டகாலத்தில் எல்லோரும் பைபிளின் நடுவில் இருக்கிற சங்கீதப் புத்தகத்தைத்தான் வாசிப்பார்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "சங்கீதத்துல எவ்வளவு ஆறுதல் இருக்கு! நீங்க என்னடான்னா நோவாவுக்குப் பேரன் பேத்தி பேரையெல்லாம் வாசிக்கச் சொல்லுதிய." அப்பா அசையவில்லை. நடுவில் ஒரு தொட்டியைத் தாண்டிவிட்டு அடுத்த தொட்டியில் முக்கினால் துணி விளங்குமா என்று கேட்டார். சாயக்காரரிடம் என்ன பேச முடியும்?

இருட்டில் வாசிக்க எங்களிடம் ஒரு எமர்ஜென்சி லைட் இருந்தது. பட்டறை மூடுவதற்கு முந்தின தீபாவளிக்கு முதலாளி கொடுத்தது. பட்டறை போனாலும் லைட் போகவில்லை. லைனில் வேறு யாரிடமும் அது கிடையாது என்பதால் கீரை ஆய்கிறவர்கள், வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக் கட்டிங் மாஸ்டர் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வருவார். காங்கேயத்துக்காரர், வாய் ஓயாத மனுஷன். அவரையும் சேர்த்து எல்லோருக்கும் அப்பா போட்ட ஒரே நிபந்தனை, அதிகாரம் முடியும்வரை பேசக் கூடாது என்பது. அதை ஒருத்தரும் காப்பாற்றவில்லை.

வீட்டுக்கார அம்மாவும் வருவார். லைனுக்கு எதிரே அவருடைய சொந்த வீடு, பின்னால் தறிக்கூடம். நெற்றி நிறைய விபூதியோடு, கையில் மூடி போட்ட தூக்குப்போசியோடு, சொந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வருவார். அவர் வீட்டிலிருந்து மட்டும் கரண்ட் இல்லாத நேரத்திலும் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் கேட்கும். தறி ஓடி ஓடி அந்த வீட்டுச் சுவருக்கே சத்தம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தத் தூக்குப்போசிக்கு ஒரு கதை உண்டு. பட்டறை மூடிய புதிதில் அதில் சாப்பாடு போட்டு அவர் கொண்டுவந்தபோது அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம்மா, பிள்ளைக்குப் பழகிரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் வாசிக்கத் தொடங்கிய பிறகு மறுபடியும் அதே போசி வந்தது. அப்பா வாயைத் திறப்பதற்குள், "சாமி கதை கேக்க வெறுங்கையோட வரக்கூடாதுங்ணா. எங்க கோயில்லயும் அப்பிடித்தானுங்க" என்றார். அப்பா தட்டு எடுத்துவரச் சொன்னார். ஆனாலும் ஒரு கரண்டிக்கு மேல் வாங்க மாட்டார். மிச்சத்தை என் பக்கமும் அம்மா பக்கமும் தள்ளிவிடுவார். நான் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டேன்.

முதல் புத்தகமான ஆதியாகமம் சக்கைப்போடு போட்டது. லாபான் பெண்ணை மாற்றிக் கட்டிவைத்த அன்றைக்கு வீட்டுக்கார அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மூத்தவள முக்காடு போட்டுத் தள்ளிவுட்டுப்போட்டானா? அவனெல்லாம் ஒரு மாமனா? நாசமாப் போறவன்!" யோசேப்பைச் சொந்த அண்ணன்மார்களே விற்றபோது, "பங்காளிக எந்த ஊர்லயும் பங்காளிகதானுங்க" என்று பெருமூச்சு விட்டார். அடுத்த அதிகாரம் யூதாவும் அவன் மருமகளும் சம்பந்தப்பட்ட ஏடாகூடமான அதிகாரம். அதை மட்டும் அப்பா என்னிடமிருந்து வாங்கி, லைட்டில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, எக்ஸ்பிரஸ் வேகத்தில் முணுமுணுத்து முடித்தார். ஒரு வரியும் விடவில்லை, ஒருவருக்கும் புரியவில்லை. யோசேப்பு ஜெயிலில் இருக்கும்போதே ஒரு நாள் அதிகாரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்ணா, அந்தப் பையன ஜெயில்ல உட்டுப்போட்டு நான் போயி எப்பிடிங்க தூங்கறது? இன்னும் ரெண்டு பக்கம் படிக்கச் சொல்லுங்க."

"நாளைக்கும்மா. அவனைக் கர்த்தர் பாத்துக்கிடுவார்."

"அவரு பாத்துக்குவாருங்க. நான் பாக்கோணுமில்லீங்க?"

யாத்திராகமத்தில் செங்கடல் பிளந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குக் கவலை பிடித்தது. இனி வருவது ஆசரிப்புக் கூடாரம், கர்த்தர் தனக்குக் கட்டச் சொன்ன துணிக்கோயில். திரைச்சீலை எத்தனை முழம், பலகை எத்தனை முழம் என்று பக்கம் பக்கமாக அளவு. போதகர்களே அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. "தாண்டிப் போயிருங்களேன், ஒருத்தரும் கேக்க மாட்டாவ" என்றாள் அம்மா. பெரிய லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா எங்களுக்கென்று கடையின் பின்னறையை ஒழித்துவைத்திருப்பதாகவே சொல்லிவிட்டார். அப்பா, "ஒரு வரி விட மாட்டேன்" என்றார். எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது.

திரைச்சீலைகளின் நீளத்தையும் அகலத்தையும் வாசித்தேன். ஓரங்களில் வைக்க வேண்டிய காதுகள், அவற்றை மாட்டுகிற கொக்கிகள் எல்லாவற்றையும் வாசித்தேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். அப்போதுதான் கட்டிங் மாஸ்டர் வேர்க்கடலையைக் கீழே வைத்தார்.

"நில்லு கண்ணு. நீளம் எத்தனைன்னே?" சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து எங்கள் வாசலிலேயே கோடு போட ஆரம்பித்துவிட்டார். "அத்தனை பீஸும் ஒரே அளவு. லூப்புக்கு நேரா லூப்பு. ஒண்ணு தள்ளுனாலும் கொக்கி மாட்டாது. ஏனுங்ணா, இதுக்கு பையர், ஆர்டர் குடுத்தவரு யாரு?"

"கர்த்தர்தான்" என்றார் அப்பா.

"ரொம்ப ஸ்ட்ரிக்டான பையருங்க! அப்ப மோசேதான் மெர்ச்சண்டைசர். மலைக்குப் போயி அளவு ஸ்பெக் வாங்கிட்டு வந்திருக்கறாப்ல."

"அப்ப கதை அவ்வளவுதானா?" என்று வீட்டுக்கார அம்மா ஏமாற்றத்தோடு கேட்டார்.

"சும்மா இருங்கக்கா. இப்பத்தான் வேலையே ஆரம்பிச்சிருக்குது!"

அன்றிலிருந்து யாருக்கும் கொட்டாவி வரவில்லை. தையல்காரர்கள், செக்கிங் பெண்கள் எல்லோருக்கும் கர்த்தருடைய ஆர்டரில் ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஆட்டுமயிர்த் திரையில் ஒரு பீஸ் கூடுதலாக இருப்பது வேஸ்டேஜா, மடிப்புக்கா என்று இரண்டு வீட்டுக்காரர்கள் முறைத்துக்கொண்டார்கள். ஆசாரியனுடைய அங்கி வந்தது. தலை நுழைகிற இடம் கிழியாமல் இருக்கச் சுற்றிலும் நாடா வைக்க வேண்டும் என்று நான் வாசித்ததும் மாஸ்டர் துள்ளிக் குதித்தார். "நெக் ரிப்புங்க! அந்தக் காலத்துலயே நெக் ரிப்பு வெச்சிருக்கறாங்க பாருங்க!"

அதே சூட்டோடு, "இரத்தாம்பரம்னு வருதே, அது என்ன கலருங்ணா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

பட்டறை மூடியதிலிருந்து அப்பா சாயத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. அன்று திறந்தார். "அது சிவப்பும் ஊதாவும் சேந்த கலரு. நிக்க வைக்கது லேசு இல்ல. சூடு கூடிட்டுன்னா சிவப்பு முந்திக்கிடும். உப்பு குறைஞ்சிட்டுன்னா வெளுத்திரும். அம்புட்டுத் துணியையும் ஒரே தொட்டியில எடுக்கணும். ரெண்டு தடவையா எடுத்தா, நம்ம கண்ணுக்கு ஒண்ணு போல இருக்கும், வெயில்ல விரிச்சாத் தெரியும்." பேசிக்கொண்டே போனார். கைகள் காற்றிலேயே துணியைப் புரட்டிக்கொண்டிருந்தன. அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "எங்க கம்பெனிக்கு இப்ப வெளியூர்லதான் சாயம் போட்டு வருதுங்ணா. ரோலுக்கு ரோல் ஒரு கலரு. வெட்டித் தெச்சா கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம். பையர் திருப்பி அனுப்பறான். ரோலைப் பாத்து ஷேடு பிரிச்சுக் குடுக்க ஆளில்லாம மொதலாளி தலையில அடிச்சுக்கறாரு. நாளைக்கு எங்கூட வாங்க" என்றார்.

அப்பா, "ஜெபிப்போம்" என்றார். எப்போதும் ஆபீசரிடம் பேசுவதுபோல அளந்து ஜெபிக்கிறவர், அன்று "ஆண்டவரே" என்று ஆரம்பித்து அதற்குமேல் போக முடியாமல் அழுதுவிட்டார். அம்மாதான் முடித்தாள். வீட்டுக்கார அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். மாஸ்டர் பாதியிலேயே உரக்க "ஆமென்" போட்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நான் வாசித்ததால்தான் வேலை கிடைத்தது என்ற கர்வம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மாஸ்டரின் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை உறுதியானது, பெரியப்பாவின் பின்னறையிலிருந்து தப்பித்தோம். வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. கூடாரத்தின் அளவெல்லாம் இரண்டாம் தடவை அப்படியே திரும்ப வந்தபோது, "அது ஸ்பெக், இது புரொடக்சன். ரெண்டும் டேலி ஆகோணுமில்ல?" என்று மாஸ்டர் சமாதானம் சொன்னார். கடைசியில் மோசே எல்லா வேலையையும் பார்த்து ஆசீர்வதித்தபோது, "ஃபைனல் இன்ஸ்பெக்சன் பாஸ்!" என்று லைனே ஆரவாரம் செய்தது.

அடுத்து வந்த லேவியராகமத்தில்தான் என் செல்வாக்கு சரிந்தது. ஒரு நாள் குஷ்டரோகத்தைப் பற்றிய அதிகாரம். புண் எப்படி இருக்கும், அதில் முடி எந்த நிறத்தில் முளைக்கும் என்று வாசித்துக்கொண்டிருக்கும்போது, நேரத்துக்கு முன்னாலேயே கரண்ட் வந்துவிட்டது. எல்லா வீட்டு டி.வி.யும் ஒரே நேரத்தில் அலறியது. வாசல் காலி. "சாரி கண்ணு" என்று மாஸ்டரும் ஓடினார். கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார்.

வீட்டுக்கார அம்மா மட்டும் அசையவில்லை. "நீ படி கண்ணு" என்றார். அப்பாவுக்கு முதல் சம்பளம் இன்னும் வந்திருக்கவில்லை. வேலைக் களைப்போடு அன்று சீக்கிரமே தட்டு வைத்து உட்கார்ந்திருந்தார். போசியிலிருந்து அம்மா அவருக்குச் சந்தவை, அதாவது இடியாப்பம், எடுத்து வைத்தாள். நான் எனக்கு மிஞ்சிய ஒரே ரசிகைக்காகக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் வீட்டுக்கார அம்மாவின் கண் கலங்கியிருந்தது. குஷ்டரோகியின் புண்ணை நான் அத்தனை உருக்கமாக வாசித்திருக்கிறேன்!

அப்பாவுக்குச் சம்பளம் வந்த பிறகு வீட்டுக்கார அம்மா இரண்டு நாள் வெறுங்கையோடு வந்தார், பிறகு வரவில்லை. நான் லேவியராகமத்தின்மேல் பழியைப் போட்டேன்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் நாங்கள் வேறு வீட்டுக்குக் குடி மாறினோம். சாவி கொடுக்க எதிர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே 'ங்ங்ங்' என்றது ஒரு பழைய இன்வெர்ட்டர். எப்போது வாங்கியது என்று கேட்டேன்.

"நீங்க குடி வர்றதுக்கு முந்தியே போட்டது கண்ணு. பின்னால ரூம்புல எங்கூட்டுக்காரருக்கு ஒருநாளும் டி.வி. நிக்கக்கூடாது."

 "அப்ப நான் படிச்சதைக் கேக்க ஏங்க இருட்டுல வந்து உக்காந்தீங்க?"

"ஏன், கதை நல்லாத்தானே இருந்துச்சு" என்று சிரித்தார். "அந்தப் புண்ணு சமாச்சாரத்தத்தான் என்னால தாங்க முடியல. எந்திரிச்சுப் போயிரலாம்னுதான் இருந்தேன் கண்ணு. அன்னிக்குத்தான் உங்கப்பாரு மொத மொதலா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."