தனசிங்கின் பதினெட்டுப் பன்றிகள்

தனசிங்கிடம் பதினெட்டுப் பன்றிகள் இருந்தன. தேயிலை ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நீலகிரியில் வெலிங்டனுக்குக் கீழே ஓடைக்கரையில் கொட்டகை போட்டு வளர்த்தவை. டிசம்பரில் கறிக்கடைக்காரர்கள் வீடு தேடி வருவார்கள். அந்த ஆண்டு ஒருவரும் வரவில்லை.

பக்கத்து மாவட்டத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மனிதருக்கு ஒட்டாது, பன்றிக்கு வந்தால் மருந்தில்லை. பன்றியோ பன்றிக்கறியோ மலை ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, விற்கக் கூடாது என்று உத்தரவு. ஓட்டல் மிச்சம் போடவும் தடை. அதுதான் கழுத்தைப் பிடித்தது. விற்கவும் வழியில்லை, தீனிக்கும் வழியில்லை.

கேரட் கழுவும் இடங்களில் உடைந்த கேரட்டை மூட்டை கட்டி வந்தார். எமரால்டு ஊர்க் காய்கறித் தோட்டங்களில் முட்டைக்கோஸ் இலை பொறுக்கினார். வெளியாள் யாரையும் கொட்டகைக்குள் விடவில்லை. வேலிக்கு அப்பால் ஒன்பது பன்றி வைத்திருந்த சுடலைமுத்து கேலி செய்தார்.

“ஏனுங்கண்ணா, உங்க பன்னியப் பாக்க அப்பாயின்மென்ட் வாங்கோணுமாட்ட இருக்குது?”

“ஆமா, வாங்கோணும். செருப்பையும் கழுவிட்டு வா.”

ஐந்து வாரம் ஒன்றுக்கும் நோவு இல்லை. இன்னும் பத்துப் பதினைந்து நாள் தாக்குப்பிடித்தால் தடை தளரும் என்றார் கால்நடை டாக்டர்.

அந்த ஞாயிறு பேரனுக்கு ஞானஸ்நானம். கோயம்புத்தூரிலிருந்து தங்கை ஐவி வந்தாள். பைக்குள் புடவைகளுக்கு அடியில் மூன்று கிலோ பன்றிக்கறி.

“தடையாமா தடை! அண்ணன் ஊட்டு விசேசத்துக்கு வெறுங்கையோட வருவனா?”

தனசிங்குக்கு முகம் சுருங்கியது. “கொட்டகைப் பக்கம் கொண்டு போயிராதீங்க” என்றார். கறி வெந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

மனைவி ஜெஸிந்தா அரிசி களைந்த தண்ணீரைக்கூட மண்ணில் ஊற்றியதில்லை. காய்த்தோல், வடித்த கஞ்சி எல்லாம் பின்வாசல் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். மாலையில் பன்றிகளுக்குப் போகும். கறி கழுவிய தண்ணீரும் போனது. முப்பது வருடப் பழக்கம், யோசித்துச் செய்ததில்லை.

எட்டாம் நாள் இரண்டு பன்றிகள் தீனியை முகரவில்லை. காதுமடல் நீலம் பாய்ந்தது. மறுநாள் ஒன்று செத்தது.

“ஏனுங்க, குழி தோண்டிப் பொதைச்சிரலாமுங்க. யாருக்குத் தெரியப் போவுது?” என்றாள் ஜெஸிந்தா.

தனசிங் போனை எடுத்து மூன்று முறை கீழே வைத்தார். சொன்னால் மிச்சப் பதினேழையும் அதிகாரிகள் கொன்று புதைப்பார்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் நோயில்லாத பன்றிகளும் போகும். சொல்லாவிட்டால் நோய் பரவும், ஓடை இறங்கும் வழியெல்லாம் கொட்டகைகள். நான்காம் முறை கால்நடை டாக்டரிடம் பேசினார்.

ரத்தம் எடுத்துப் போனார்கள், நான்கு நாளில் அந்தக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. டாக்டர் ஆட்களோடு வந்தார். “வெளியே இருந்து கறி ஏதும் வந்துதுங்களா? கழுவுன தண்ணி எங்க ஊத்துனீங்க?” என்று கேட்டார். ஜெஸிந்தா தொட்டியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியத்துக்குள் தனசிங்கின் கொட்டகை காலியானது. ஆட்கள் வேலியைத் தாண்டினார்கள். சுடலைமுத்து தன் கொட்டகை வாசல் படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எம்பட பன்னிக்கு என்னங்க நோவு? நல்லாத்தானுங்க திங்குது. வந்து பாருங்க டாக்டர்!”

 தனசிங் வேலியருகே போனார்.

“முத்து, எங்க ஊட்டுல கறி கழுவுன தண்ணிடா. நான்தான் ஊத்துனேன். எங்கிட்டச் சண்டை போடு. ஊட்டுக்காரிகிட்ட ஒண்ணும் கேக்காத.”

சுடலைமுத்து தரையில் உட்கார்ந்திருந்த ஜெஸிந்தாவைப் பார்த்தார். பிறகு படலிலிருந்து கையை எடுத்து ஆட்களுக்கு வழிவிட்டார்.