அம்மாவின் சட்டைப்பின்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்பேர்னில் எங்கள் தெருத் தகப்பன்மார் புல் வெட்டுவார்கள், கார் கழுவுவார்கள். என் அப்பா மட்டும் காதில் இரண்டு கறுப்புக் கிண்ணங்களை மாட்டிக்கொண்டு, தடியின் நுனியில் தட்டுப் பூட்டிய ஒரு மெசினால் ஊரான் நிலத்தைத் தடவிக்கொண்டு திரிவார். எழுபதுகள் முடியப்போகும் காலம். யாரோ ஒருவன் காட்டுக்குள் கொழுக்கட்டை அளவில் தங்கக்கட்டி எடுத்தானாம் என்று வேலையிடத்தில் கேட்டுவிட்டு வந்த அன்று அப்பாவுக்குப் பிடித்த பித்து அது. மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் காதில் கத்தும் அந்த மெசினை அடுத்த கிழமையே கைமாற்றாக வாங்கிவிட்டார். அதற்குத் துணை, எட்டு வயதுப் பெண்ணான நான்.

எங்கள் இருவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. யாருடைய காதில் சத்தம் கேட்கிறதோ அவரே தோண்டவேண்டும், அவரே எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டவேண்டும். அப்படி நாங்கள் தூக்கிக் காட்டியவை எல்லாம் பியர்ப் போத்தல் மூடிகளும் துருப்பிடித்த ஆணிகளும்தான். அம்மா அவற்றைக் குசினிப் படிக்குக்கூட அண்டவிடமாட்டார். "தங்கம் எடுக்கப் போன மனுசன் பழைய இரும்பு யாவாரம் பாக்கிறார்" என்று கறி கிளறியபடியே சொல்லுவார். ஆணி தோண்டி அலுத்த அப்பா கடைசியில் மெசினில் இருந்த ஒரு குமிழை முழுக்கத் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து கீழே இரும்பு கிடந்தால் மெசின் வாய் திறப்பதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆணியோ எதுவோ, சத்தம் கேட்பதுதானே விளையாட்டு.

ஒரு தை மாத வெயிலில் மூவரும் கடற்கரைக்குப் போனோம். அப்பாவும் நானும் காய்ந்த மணலில் மெசினோடு அலைய, அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அலை வந்து போகும் ஓரமாகச் சிப்பி பொறுக்கப் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, கட்டுச்சோற்றுப் பொதியை அவிழ்க்கக் குனிந்தவரின் கை கழுத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

தாலிக்கொடியைக் காணவில்லை.

கொடியின் பூட்டுத் தேய்ந்து பல மாதங்கள். இங்கே ஒரு நகைக்கடையில் கொடுத்தால் உடனே சரிசெய்து தருவான் என்று அப்பா எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். தாலியைக் கழற்றி முன்பின் தெரியாதவன் கையில் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. ஊருக்குப் போகும்போது எங்கள் பத்தரிடம் கொடுக்கலாம் என்று சொல்லி, பூட்டு இருந்த இடத்தில் சேலைக்குக் குத்தும் சட்டைப்பின்களைக் கோத்துக்கொண்டார். ஒன்று தாங்காது என்று இரண்டு. அவசரத்துக்கு உதவும் என்று அதிலேயே இன்னும் சில. அம்மாவுக்குப் பின்னால் நின்று அவருக்குத் தலை இழுத்துவிடும்போது அந்தக் கொத்து என் விரலில் குத்தும்.

அம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை. முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா மெசினைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் ஓடப்போனார். அம்மா அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்.

"நீங்கள் தண்ணிக்குக் கிட்டப் போகக்கூடாது."

"அங்கதானே விழுந்திருக்கும்?"

"போகக்கூடாது எண்டால் போகக்கூடாது. காரும் எடுக்கவேண்டாம். பேசாம இஞ்சயே இருங்கோ."

நகை தொலைத்தவர் அம்மா, தண்டனை அப்பாவுக்கு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அலை ஏறத் தொடங்கியிருந்தது, சிப்பி பொறுக்கிய இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அதனால் அந்தப் பெரிய மெசின் முதன்முதலாக முழுக்க முழுக்க என் கைக்கு வந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான், மறைப்பானேன்.

அம்மா நடந்த ஓரத்தில் தட்டை ஆட்டி ஆட்டி நடந்தேன். அப்பா மேலே காய்ந்த மணலில் எனக்கு நேராக நடந்தபடி, மெதுவாக, தட்டைப் பதித்துப் பிடி என்று கத்திக்கொண்டு வந்தார். போய்த் திரும்பினேன். காதில் ஒரு சத்தமும் இல்லை. அலை என் முழங்காலைத் தொட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய இருந்தார்.

அப்போதுதான் என் விரலில் குத்தும் அந்தக் கொத்து ஞாபகம் வந்தது. தங்கத்தை மெசின் கேட்கும். ஆனால் தங்கத்தின் நுனியில் இத்தனை இரும்பு தொங்கினால்?

"அப்பா, இரும்பையும் கேக்க விடட்டோ?"

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "திருப்பு பிள்ளை, திருப்பு."

குமிழைத் திருப்பினேன். அவ்வளவு நாளும் வாய் பொத்தப்பட்டிருந்த மெசின் ஒரேயடியாகப் புலம்பத் தொடங்கியது. முதலில் ஒரு ஆணி. பிறகு ஒரு தகர மூடி. அதன்பிறகு தண்ணீர் வந்து வந்து போகும் இடத்தில், காதைக் கிழிக்கும் சத்தம். கையாலேயே தோண்டினேன். சட்டைப்பின் கொத்துத்தான் முதலில் விரலில் குத்தியது. இழுக்க இழுக்கப் பின்னாலே கொடி வந்தது, கடைசியில் தாலியும் வந்தது.

சட்டப்படி அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அப்படி ஒரு பெருமை எனக்குப் பிறகு பட்டம் வாங்கியபோதும் வரவில்லை. அப்பா ஓடிவந்து, ஈர மணல் தொடங்கும் இடத்தில் யாரோ மறித்ததுபோல நின்றார். நான் அவரைத் தாண்டி ஓடி, அம்மாவின் கழுத்தில் நானே போடப்போனேன். கண்டெடுத்தவள் நானல்லவா. அம்மா பின்னால் சாய்ந்தார்.

"நீ கட்டக்கூடாது பிள்ளை. அப்பா கட்டவேணும்."

அதோடு விட்டாரா, கிழக்குப் பார்த்து இருக்கவேண்டும் என்றார். கிழக்கே கார்கள் நின்றன. கடலுக்கு முதுகைக் காட்டிக் கார்களைப் பார்த்தபடி அம்மா மணலில் சப்பாணி கட்டி இருந்தார். அப்பா பின்னால் குனிந்து அதே சட்டைப்பின்களைக் கோத்தார். எங்கேயோ ஐஸ்கிறீம் வான் மணி அடித்தது. பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டியது.

அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இனிப் போய்த் தண்ணிக்க இறங்குங்கோ" என்றார்.

அப்பா காற்சட்டையோடே கடலுக்குள் நடந்தார். அலை அவருடைய இடுப்பில் மோதியபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் அவருக்குக் கண்ணீர் வந்தது. கண்டுபிடித்தது நான், கடல்குளிப்பு அப்பாவுக்கா என்று நான் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அன்று அம்மா தொலைத்தது ஒரு நகையை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.