போகியில் எரிந்த மூட்டை

மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனையில் ஒரு கம்பெனி மூடிக் கிடக்கிறது. அதன் மதிலை ஒட்டிய நடைபாதையில்தான் அந்த அம்மாவும் மகளும் இருந்தார்கள். அம்மா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போவாள். மகளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடமே போகாமல் திரிந்தவளை நான்தான் அலையாய் அலைந்து ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். காலையில் நானே கூட்டிக்கொண்டு போய் விடுவேன். சாயங்காலம் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து படிப்பாள். படிப்பதைவிடப் பேச்சு அதிகம்.

பகலில் அவர்களுடைய பாய், துணி, பாத்திரம் எல்லாம் மதிலோரம் மூட்டையாகக் கிடக்கும். பள்ளிப் பையும் அதற்குள்தான்.

போகியன்று விடியற்காலையில் தெருப் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு வந்தார்கள். யாரிடமோ ஒரு சின்ன மேளத்தை வாங்கிக்கொண்டு அவளும் முன்னால் வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. அவள் அம்மா மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து எங்கள் தெரு இளைஞர்கள் இரண்டு பேர், போகிக்காக யாரோ எடுத்துப் போட்டது என்று நினைத்து, மூட்டையைத் தூக்கி வந்து நெருப்பில் போட்டுவிட்டார்கள். நல்ல பையன்கள்தான். தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நெருப்புக்குள் பையின் வார் தெரிந்ததும் அவள் மேளத்தைக் கீழே போட்டாள். "ஐயோ, அது எங்களுது!" என்று கத்தினாள்.

"குப்பைன்னு நெனச்சிட்டோம்மா" என்று பையன்கள் அழாத குறையாகச் சொன்னார்கள். தெருவே உச்சுக் கொட்டியது. மத்தியானத்துக்குள் புதுப் பாய், போர்வை, யூனிபார்ம், பை எல்லாம் வந்து சேர்ந்தன. அடுத்த நாள் எல்லோரும் நிம்மதியாகப் பொங்கல் வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லீவு முடிந்தும் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவில்லை.

"நான் வர்ல அக்கா. அம்மா வேலைக்குப் பூடும். சாமானை யாரு பாத்துக்குவாங்க?"

நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டு ஓனரிடம் கேட்டேன். "இன்னிக்கு மூட்டை வரும், நாளைக்கு ஆள் வரும்" என்றார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி என்ன ஆகப் போகிறது? அவள் புதுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மதிலோரமே உட்கார்ந்திருந்தாள். படிப்பு இத்தோடு போச்சு என்று எனக்கு அழுகையாக வந்தது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை, யூனிபார்ம் போட்டு, ரெட்டை ஜடை பின்னி எனக்காக நின்றுகொண்டிருந்தாள். மூட்டைக்கு முன்னால் நடைபாதையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டிருந்தாள். கோடெல்லாம் கோணல்.

"கோலம் கீதுன்னா ஆளுங்க கீறாங்கன்னு தெரியும்ல அக்கா? எடுக்க மாட்டாங்கல்ல?"

"எடுக்க மாட்டாங்க, வா" என்றேன்.

தெருத் திருப்பத்தில் நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். நெரிசலுக்குப் பயந்து நடைபாதையில் ஏறிய பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தன. அவளும் திரும்பிவிடக் கூடாதே என்று கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பதினேழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.