பூசை போட்ட கல்

எங்கள் அம்மா பண்பொழியில் பிறந்து, தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு, ஒன்பது வாடகை வீடுகளில் குடியிருந்து, ஒன்பதாவது வீட்டில் இருக்கும்போதே காலமானார்கள். ஓராண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதை இனிக்க இனிக்க எழுத எனக்கு வரவில்லை.

அப்பா தவறியபின் தையல் தைத்தே என்னையும் தங்கையையும் ஆளாக்கினார்கள். குற்றாலம் போகும் வழியில், ஓடையை ஒட்டி நாலு சென்ட் மனை வாங்கினார்கள். "என்னைச் சொந்த வாசல்ல இருந்து தூக்கணும்லே. வாடகை வீட்டுக்காரன் முகம் சுளிக்கும்படி போகக் கூடாது" என்பார்கள். அம்மாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

மலையடிவாரம் என்பதால் தனி அனுமதி வேண்டும். ஓடைப் பக்கம் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். நான் அலுத்துக்கொண்டேன். அம்மா அலுவலகத்தில் காத்திருந்து விவரம் கேட்டு வந்து, மனையில் கோலப்பொடியால் தானே கோடு போட்டுப் பார்த்தார்கள். "ஓடைக்குள்ளதை ஓடைக்கு விட்டுருவோம். எனக்கு ஒரு ரூம் போதும்" என்று இன்னொரு அறையைக் காலால் அழித்தார்கள்.

மனு கொடுத்துக் காத்திருந்தபோது வாஸ்து நாள் வந்தது. விடக் கூடாது என்றார் மாமா, அம்மாவின் தம்பி. "தாள் கைக்கு வரட்டும்லே" என்றார்கள் அம்மா. நான் மாமா பேச்சைக் கேட்டேன். மனையின் ஈசான மூலையில் குழி வெட்டி, பூசை போட்டு, கல்லைப் பதித்தோம். அந்த மூலை ஓடைக்கரையில் இருந்தது.

பார்வையிட வந்த அலுவலர், அனுமதிக்கு முன்பே, அதுவும் ஓடைக்கு விட வேண்டிய இடத்தில், வேலை தொடங்கியதாக எழுதினார். கல்லை எடுத்துவிட்டு மறுபடி மனு கொடுக்கச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை.

"பூசை போட்ட கல்லை எடுத்தா குடும்பத்துக்கு ஆகாதுடே" என்றார் மாமா. தங்கை அப்போது நிறைமாதம். எனக்குப் பயம். "நான் எடுக்கேன். வார கேடு எனக்கே வரட்டும்" என்று அம்மா கடப்பாரையைத் தூக்கினார்கள். நான் அதை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன். பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்றே ஒன்றரை ஆண்டு போனது. மாமா இதை வாசிப்பார், வாசிக்கட்டும். சொன்னது அவர், கேட்டது நான்.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்றார். "இங்கன கிடத்தினா அடுத்து யாரும் குடிவர மாட்டாக தம்பி" என்றார். ஆம்புலன்ஸ் தெருவிலேயே நின்றது.

தோள் கொடுத்தவர்கள், பதினாறாம் நாள் வரை எங்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் எல்லாருக்கும் நன்றி. எதிர்வீட்டு அக்கா தன் காரை வெளியே எடுத்து, ஷெட்டைக் கழுவிவிட்டு, "அத்தையை இங்கன கொண்டு வாங்க" என்றார். பெற்ற பிள்ளை தராத இடத்தை அவர்தான் தந்தார்.