அறுபத்து நாலாம் வருஷத்து மரம்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே வருஷம்தான். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஒன்று இருக்கிறது. அது தெரிய வேண்டுமானால் அவர் வீட்டுக் கரண்டு பில்லைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய டிரம் செட் ஒன்றை முன்னால் கொண்டுபோய் வைத்தால் போதும். எந்த வருஷம் செய்தது, இன்றைக்கு என்ன விலை போகும் என்று சொல்லிவிடுவார். பித்தளைப் பட்டயத்தைத் தடவுவார், திருகுகளை எண்ணுவார், மேல்தோலைக் கழற்றி உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பார். ஒருமுறை பெரிய டிரம்முக்குள் போன தலை மத்தியானம் வரை வெளியே வராததால் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, சாப்பாட்டுத் தட்டை உள்ளேயே தள்ளிவிட்டார். இதில் பாதி பொய். எந்தப் பாதி என்று கேட்கக் கூடாது.

நான் அவருக்கு வேன் ஓட்டுகிறவன். என்னை 'வண்டி' என்று கூப்பிடுவார், நான் 'அண்ணன்' என்பேன். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசும்போது விரல் மேஜையில் தாளம் போடும். மேஜை இல்லாவிட்டால் என் முதுகில் போடும். என் முதுகு இந்நேரம் நாலு கச்சேரிக்குப் போய் வந்த முதுகு.

மூன்று மாசத்துக்கு முன்னால் அவர் மச்சான், அதாவது அண்ணியின் தம்பி, மூடிப்போன ஓட்டல் ஒன்றின் சாமான் அறையிலிருந்து ஒரு டிரம் செட்டை வாங்கி வந்தான். அதை அவனிடமிருந்து வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். அண்ணன் தோலைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே சிவப்புப் பென்சிலில் 64 என்று இருந்தது. அந்த நாலு, கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி இருக்கும்.

"பாத்தீங்களா டாக்டர்? அறுபத்து நாலு! அந்த வருஷத்து மரமே வேற. அதுக்கப்புறம் அப்படி மரம் உலகத்துலயே வரல."

டாக்டருக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. "நானும் அறுபத்து நாலுதான் சார்! என்கூடப் பொறந்ததா இது?"

அப்புறம் பேரமாவது ஒன்றாவது. மச்சான் சொன்ன விலைக்கே தூக்கிக்கொண்டு போனார். அண்ணன் ஒரு சீட்டில் வருஷத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே ஒட்டிவிட்டார்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய செட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பாட்டு டீச்சர் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். எழுபத்தொன்றில் புதுசாக வாங்கியது. அண்ணன் உள்ளே தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

"வண்டி, இங்க பாரு."

சிவப்புப் பென்சில். 64. அதே கவிழ்ந்த நாற்காலி.

"ஏழு வருஷம் கடையிலயே தூங்கியிருக்கும்ணே."

"இல்லடா. பக்கத்துலயே அச்சு அடிச்சிருக்கான் பாரு, எழுபத்தொண்ணு மார்ச்னு. இது வருஷமே இல்லடா. கம்பெனில செக் பண்ணி அனுப்புனவனோட நம்பர்!"

"அப்போ அந்த மரம்?"

"மரமும் இல்ல, மண்ணும் இல்ல. வண்டிய எடு."

அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய நோட்டைப் புரட்டினார். சிவப்புப் பென்சிலை நம்பி நாலு செட்டுக்கு அறுபத்து நாலு என்று சொல்லியிருக்கிறார். நாலு பேரிடமும் அந்த மரக்கதை! வாசலுக்குப் போவார், திரும்பி வருவார், ஃபிரிட்ஜைத் திறப்பார், உள்ளே யாரோ ஒளிந்திருப்பது போலப் பார்ப்பார், மூடுவார். தரையில் பள்ளம் விழாததுதான் பாக்கி.

விஷயம் இதுதான். மச்சான் செட்டுக்கு வருஷத்தைத் தப்பாகச் சொல்லி விலையை இரண்டு மடங்கு ஏற்றியாகிவிட்டது. வெளியே தெரிந்தால், குடும்பத்தோடு சேர்ந்து ஏமாற்றினான் என்றுதான் ஊர் சொல்லும். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

மச்சான் அதைத்தான் சொன்னான். "பேசாம விடுங்க மாமா. டாக்டருக்குப் பல்லுக்குள்ள பாக்கத்தான் தெரியும். டிரம்முக்குள்ள எங்க பாக்கப் போறாரு?"

அண்ணி பாத்திரத்தை டங்கென்று வைத்தார். "இவன் வாயிலருந்து உருப்படியா ஒரு வார்த்தை வந்திருக்கா இதுவரைக்கும்? இங்க பாருங்க, இன்னொரு தடவ அந்த ஃபிரிட்ஜத் திறந்தீங்க, உங்களையே உள்ள வச்சு மூடிடுவேன். போய்ச் சொல்லிட்டு வாங்க."

போனோம். ஆஸ்பத்திரி நாற்காலியில் அண்ணன் உட்கார்வதும் எழுந்திருப்பதுமாக இருந்தார். சீட்டு எழுதுகிற பெண் பாவப்பட்டு, "ரொம்ப வலிக்குதா சார்? எந்தப் பல்லு?" என்றாள்.

"பல்லு இல்லம்மா, சொல்லு."

"நான் என்ன சார் சொல்றது? நீங்கதான் சொல்லணும்."

"அதத்தாம்மா சொல்ல வந்திருக்கேன்."

டாக்டர் எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். செட் பளபளவென்று நின்றது. தூசி தட்ட அதற்கென்று தனியாக ஒரு துண்டு வேறு. அண்ணன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். நம்பர், ரசீது, மரக்கதை, மச்சான், எதையும் விடவில்லை.

டாக்டர் அந்தத் துண்டை எடுத்து டிரம்மை ஒரு தரம் துடைத்தார். "அப்போ இது எந்த வருஷம்?"

"இதுல தேதி அச்சு இல்ல. பட்டயம், திருகு எல்லாத்தையும் வச்சுப் பாத்தா அறுபத்தெட்டுக்கு மேல, எழுபத்திரண்டுக்குள்ள. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

தெரியாது! எனக்குக் காது அடைத்துப்போனது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சீட்டு மட்டும் அப்படியே இருக்கட்டுமே சார். சொந்தக்காரங்க, ஃபிரண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எனக்கும் இதுக்கும் ஒரே வயசுன்னு. பணம்கூட வேணாம்."

என்ன ஒரு வசதி பாருங்கள்! தப்பு செய்தவரை ஏமாந்தவரே விட்டுவிடப் பார்க்கிறார். நானாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுப் படி இறங்கியிருப்பேன்.

அண்ணன் தோலைக் கழற்றினார். "அதுல இருக்கறது என் கையெழுத்து டாக்டர்."

சீட்டை நகத்தால் சுரண்டினார். நன்றாக ஒட்டியிருக்கிறார் பாவி, கால் மணி நேரம் ஆனது. புதுச் சீட்டில் '1968 - 72, சரியாகத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் முகம் வாடிப்போனது. "கூடக் குடுத்ததத் திருப்பிக் குடுத்துடுங்க. இனிமே எத வாங்கினாலும் உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க," என்றார் அண்ணன். "பணம் ஞாயித்துக்கிழமைக்குள்ள வரும்."

வேனில் ஏறியதும் மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவன் கத்தியது போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"என்ன மாமா இது! பாதியத் திருப்பிக் குடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்?"

"உனக்குப் பாதியாவது மிச்சம்டா மச்சான். எனக்கு இன்னும் மூணு வீடு பாக்கி."